மூன்றாவது பேட்டரியோடு திருத்தணிக்கு

சென்னை விமான நிலையத்தில் என் கைப்பையைத் துழாவிய அதிகாரி, வெள்ளி வேலாயுதத்தை விட்டுவிட்டு மீட்டரைத்தான் தூக்கிப் பார்த்தார். மஞ்சள் பெட்டி, சிவப்பும் கறுப்புமாக இரண்டு கம்பி. இது என்ன என்றார். மின்சாரம் அளக்கிற கருவி, கிள்ளானில் எனக்குக் கார் வயரிங் பட்டறை இருக்கிறது என்றேன். என் முகத்தையும் பட்டுப்புடவையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கோயிலுக்குப் போகிறவருக்கு இது எதற்கு என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சிலருக்குச் சீப்பு இல்லாமல் வாசல் தாண்ட வராது, எனக்கு மீட்டர்.

வந்த வேலை சின்னது. முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்தால் திருத்தணி முருகனுக்கு வெள்ளி வேல் சாத்துகிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். கால் தேறிவிட்டது, ஆனால் அந்தக் காலை நம்பி விமானம் ஏற அவருக்குத் தைரியமில்லை. பத்துமலையிலும் அதே முருகன்தானே, பக்கத்திலேயே கொடுத்துவிடலாமே என்றேன். யாரிடம் கேட்டேனோ அவரிடம்தான் கொடுக்க வேண்டும் என்று என்னை அனுப்பிவிட்டார். கூடவே ஒரு சத்தியமும் வாங்கிக்கொண்டார். ஊருக்குத் திரும்பும்வரை எந்தக் காரின் பானெட்டையும் நான் திறக்கக்கூடாது. போன தடவை பினாங்குக் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளை வந்த காருக்கு அடியில் நான் கிடந்ததை அவர் இன்னும் மறக்கவில்லை.

என்னை அழைத்துப் போக வந்தவர் முனிரத்தினம், திருத்தணிக்காரர், சொந்த வாடகைக் கார் வைத்திருக்கிறவர். வெள்ளைக் கார், துடைத்துத் துடைத்துப் பளபளத்தது. என்ஜினை அணைக்காமலே இறங்கி வந்து என் பெட்டியைத் தூக்கி வைத்தார். அவசரக்காரர் போலிருக்கிறது என்று நினைத்தேன். கனகம்மாசத்திரத்தில் சிற்றுண்டிக்கு நிறுத்தியபோதும் என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

"நீங்க போய் சாப்ட்டு வாங்க மேடம், நான் வண்டியிலயே குந்திகினு இருக்கேன்" என்றார்.

எங்கள் ஊரில் 'பசியாறினீர்களா' என்பதுதான் காலை வணக்கம். ஒருவரை வெளியே உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் சாப்பிடுவது எனக்கு ஆகாது. பெட்ரோலையும் வீணாக்க வேண்டாம், அணைத்துவிட்டு வாருங்கள் தம்பி என்று பிடிவாதம் பிடித்தேன். சாவியைத் திருப்பி அணைக்கும்போது அவர் முகம் பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறவர் முகம் போல ஆகிவிட்டது. அப்போது காரணம் புரியவில்லை.

பொங்கலும் வடையும் அருமை. சட்னியில் மட்டும் ஆந்திராக்காரர் கை தெரிந்தது. எங்கள் ஊர் மிளகாய்ச் சம்பலுக்குப் பழகிய நாக்கு என்று இறுமாந்திருந்தேன், இரண்டாவது கரண்டியில் இறுமாப்பு இறங்கிவிட்டது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு வந்து காரில் ஏறினேன். முனிரத்தினம் சாமியைக் கும்பிட்டுச் சாவியைத் திருப்பினார். 'டக்' என்று ஒரு சத்தம், முன்னால் எரிந்த விளக்குகள் எல்லாம் அணைந்தன. மறுபடி திருப்பினார், மறுபடி 'டக்'. இந்தச் சத்தத்தை வைத்துத்தான் நான் கிள்ளானில் வீடு கட்டியிருக்கிறேன். கை துறுதுறுத்தது. அம்மாவின் முகத்தை நினைத்துக்கொண்டு கையை மடியில் வைத்து அதன்மேல் இன்னொரு கையையும் வைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் கார் நின்றால் போனில் உதவிக்குச் சொல்லிவிட்டு ஆள் வரும்வரை அதே போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இங்கே யாரும் யாரையும் கூப்பிடவில்லை. பக்கத்தில் நின்ற பேருந்திலிருந்து மஞ்சள் வேட்டி கட்டிய யாத்ரிகர்கள் பாதிப்பேர் இறங்கி வந்து பின்னால் கை வைத்துவிட்டார்கள். தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். காவடி தூக்க வந்தவர்களை முருகன் முதலில் கார் தூக்க வைக்கிறான் என்கிறார்கள் என்று முனிரத்தினம் வெட்கத்தோடு மொழிபெயர்த்தார். நானும் இறங்கித் தள்ளினேன். கார் இருமிக்கொண்டு உயிர் பிடித்ததும் எல்லாரும் அரோகரா போட்டார்கள்.

மீதி வழியெல்லாம் அவர் கதையைக் கேட்டுக்கொண்டு வந்தேன். பேட்டரி போய்விட்டது என்று ஒன்று மாற்றினாராம், ஒரு நாள் நன்றாக ஓடிவிட்டு நின்றதாம். அதற்கு மின்சாரம் ஏற்றிக் கொடுக்கும் ஆல்டர்நேட்டரில்தான் கோளாறு என்று அதையும் மாற்றினாராம். அதற்கப்புறம் இன்னொரு பேட்டரி, அதுவும் அப்படியே. விடியற்காலையில் விமானம் பிடிக்க வேண்டியவர்களை நடுவழியில் நிறுத்திவிட்டதில் வாடிக்கை ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டது. ராசியில்லாத வண்டி என்று தெருவே சொல்ல ஆரம்பித்துவிட்டது. பொதட்டூர்பேட்டையில் தறி வைத்திருக்கும் சகலைக்கு வண்டியை விற்றுவிடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டார், வெள்ளிக்கிழமை காலை வந்து எடுத்துக்கொள்வாராம். திங்கட்கிழமை முதல் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனிக்கு டிரைவர் வேலை. தங்க அறை கொடுப்பார்கள், மாதத்துக்கு இரண்டு தரம் வீட்டுக்கு வரலாம்.

"சொந்தமா வண்டி வாங்கின அன்னிக்கு என் பொண்டாட்டிகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன் மேடம், இனிமே ராத்திரி சோறு வூட்லதான்னு. அதைக் காப்பாத்த முடியல."

மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. பானெட்டைத் திறக்கக்கூடாது என்பதுதான் சத்தியம், கேள்வி கேட்கக்கூடாது என்பதல்ல. வண்டி யாரிடம் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். பஜாரில் வயரிங் கடை வைத்திருக்கும் சாமுவேலிடம் என்றார்.

சாமுவேல் என் வயதுக்காரர். கடையில் ஊதுவத்தி இல்லை, சுவரில் ஒரு வசனக் காலண்டர் மட்டும். இரண்டு தரமும் பேட்டரியைக் கழற்றி, துடைத்து, மேசைமேல் வைத்துச் சோதித்தாராம், இரண்டு தரமும் அது குதிரை மாதிரி நின்றதாம். பேட்டரி மேல் குற்றம் சொல்ல முடியாது, ஆனால் வண்டிக்குள் போனால் மட்டும் படுத்துக்கொள்கிறது என்று தலையைச் சொறிந்தார். தொழில் தெரிந்தவர், அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஓடாத வண்டியைச் சகலை கையில் கொடுப்பது அழகில்லையே என்று தன் கடையிலிருந்தே இன்னொரு புதுப் பேட்டரியைத் தூக்கிக் கொடுத்தார். அது மூன்றாவது.

அதை அங்கேயே மாட்டியிருக்கலாம். முனிரத்தினம் மாட்டமாட்டார். ராகு காலம் ஓடிக்கொண்டிருந்தது. அதோடு வண்டிக்குப் புதிதாக எது வந்தாலும் வீட்டு வாசலில், சுகுணா கையால் பூசை போட்ட பிறகுதான் ஏறும். டயர் என்றாலும் சரி, வைப்பர் என்றாலும் சரி. எனவே பேட்டரி என் பக்கத்தில் பயணி போல உட்கார்ந்து ரயில் நிலையத்துப் பின் தெருவுக்கு வந்தது.

சுகுணா முனிரத்தினத்தின் மனைவி. வாசலிலேயே என் கையைப் பிடித்து அக்கா என்று கூப்பிட்டு உள்ளே அழைத்துப் போய்விட்டாள். ராகு காலம் கழிவதற்குள் புளிச்சக்கீரைக் கடைசலும் அப்பளமும் போட்டு என்னைத் தூக்கத்துக்குத் தயார் செய்துவிட்டாள். நேரம் பிறந்ததும் பேட்டரியைக் குளிக்க வைக்காத குறைதான். சந்தனப் பொடியைப் பன்னீரில் குழைத்து, பேட்டரியின் தலையில் துருத்தும் இரண்டு ஈய டெர்மினலுக்கும் குழந்தைக்குக் காது குத்தும்போது பூசுவது போல வழித்துப் பூசினாள். அதன்மேல் குங்குமம். கற்பூரம் காட்டினாள். முனிரத்தினம் அந்த ஈரத்தின் மேலேயே வயர் முனைக் கிளாம்பை மாட்டி முறுக்கினார். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கிள்ளானில் என்னைக் 'கண்ணாலேயே வயரைப் பிடிப்பவள்' என்பார்கள். அந்தக் கண்கள் அப்போது பக்தியில் மூடியிருந்தன.

மறுநாள் வியாழக்கிழமை. படியேறித்தான் வருவேன் என்று நான் சொல்லிவிட்டதால் முனிரத்தினம் மலைப்பாதை வழியாகக் காரை மேலே கொண்டு வந்து நிறுத்துவதாக ஏற்பாடு. வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படியாம். சித்திரை வைகாசி வரை நன்றாகத்தான் ஏறினேன், ஆடியில் மூச்சு வாங்கியது. பத்துமலைப் படியில் குரங்குகள் பையைப் பிடுங்கும். இங்கே குரங்குகளும் இருந்தன, எலுமிச்சம்பழம் விற்கிற அம்மாக்களும் இருந்தார்கள். பிடுங்குவதில் யார் கெட்டி என்று சொல்வது கடினம். வேலைச் சாத்தியதும் அர்ச்சகர் அம்மாவின் பெயரைக் கேட்டுச் சொல்லி அர்ச்சனை செய்தார். அந்தப் பெயரை அந்த இடத்தில் கேட்டதும் அழுகை வந்துவிட்டது.

வெளியே வந்தால் காரைச் சுற்றிக் கூட்டம். முனிரத்தினம் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார். 'டக்.'

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. "விடுங்கக்கா, இதுக்கு என்கூட இருக்க இஷ்டம் இல்ல" என்றார். மேடம் எப்போது அக்கா ஆனேன் என்று தெரியவில்லை. கோயில் பக்கம் திரும்பி, அம்மாவிடம் நீயே சொல்லிக்கொள் என்று முருகனிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் பானெட்டைத் திறந்தேன்.

மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியின் இரண்டு டெர்மினல்களில் வைத்தேன். பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது, கல் போன்ற பேட்டரி. சாவியைத் திருப்பச் சொன்னேன். 'டக்' என்றபோதும் எண் அசையவில்லை. செத்த பேட்டரி என்றால் அந்த நொடியில் எண் பாதாளத்துக்குப் போயிருக்க வேண்டும். அடுத்து, முனைகளை டெர்மினலிலிருந்து அதைக் கவ்வியிருக்கும் கிளாம்புகளுக்கு மாற்றினேன். விரல் அகலம்கூட வித்தியாசமில்லை. இப்போது திருப்பச் சொன்னால் எண் சரசரவென்று நாலுக்கு இறங்கியது. பேட்டரி கொடுக்கிறது, கம்பிக்குப் போய்ச் சேரவில்லை. தபால்காரர் வாசல்வரை வந்து நிற்கிறார், யாரோ கதவைச் சாத்தி வைத்திருக்கிறார்கள்.

எது அந்தக் கதவு? புதுப் பேட்டரி, துருவில்லை, பச்சை பூக்கவில்லை. யோசித்துக்கொண்டு நிமிர்ந்தேன். எனக்கு முன்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் மொட்டை போட்டுச் சந்தனம் பூசியிருந்தார். வெயிலில் அது காய்ந்து ஓடு மாதிரி இறுகிவிட்டது. அரித்தது போல, நகத்தால் சுரண்டினார். பொளக்கென்று ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பக்கத்திலிருந்தவர்கள் சாமி வந்துவிட்டது என்று இரண்டடி விலகினார்கள்.

மலையில் நின்ற காருக்குத் தள்ள ஆள் வேண்டாம், சரிவே பார்த்துக்கொண்டது. வீட்டு வாசலுக்கு ஓட்டி வந்து, என்ஜின் ஓடும்போதே இன்னொன்றும் அளந்தேன். ஆல்டர்நேட்டரில் பதினாலுக்கு மேல் இருந்த மின்சாரம் பேட்டரிக்கு வரும்போது பதின்மூன்றைக்கூடத் தொடவில்லை. போகிற வழியும் அடைப்பு, வருகிற வழியும் அதே அடைப்பு. சாமுவேலுக்கு ஆள் அனுப்பினேன், ஸ்பேனரோடு வந்தார். கிளாம்பைக் கழற்றிக் கவிழ்த்துக் காட்டினேன். உட்புறம் முழுக்கச் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஓடு கட்டியிருந்தது. ஈரமாக இருக்கிற முதல் நாள் வண்டி ஓடும், காய்ந்ததும் நிற்கும். கடைக்குக் கொண்டுபோனால் துடைத்துவிட்டுச் சோதிப்பார்கள், பேட்டரி குதிரையாக நிற்கும்.

சாமுவேல் நெற்றியில் அடித்துக்கொண்டார். எல்லா வண்டியிலும் குங்குமம் இருப்பதால் கையில் ஒட்டியதைத் துடைத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன் என்றார். எனக்கும் அந்த வெட்கத்தில் பங்கு உண்டு, நான் கண்ணெதிரில் பார்த்துக் கும்பிட்டவள்.

சுகுணா மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். "அப்ப நான்தானாக்கா?" என்றாள். "ஒவ்வொரு வாட்டி நின்னதும், நாமதான் கொறையா வெச்சுட்டோம்னு அடுத்த வாட்டி இன்னும் கொஞ்சம் சேத்து வெச்சேன்."

சாமுவேல் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "எங்க வூட்ல ஜெபம் பண்ணி வுட்ருவோம்மா. அது காஞ்சு ஒட்டிக்காது" என்றார். சுகுணாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முனிரத்தினம் குனிந்து நின்று சத்தமே இல்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். கிளாம்பையும் டெர்மினலையும் உப்புத்தாள் போட்டு ஈயம் மின்னும்வரை தேய்த்தோம். சாமிக்குப் பேட்டரி மூடியில் இடம் ஒதுக்கினேன், அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் சந்தனம் வைத்துக்கொள்ளலாம் என்றேன். சாவியைத் திருப்பியதும் கார் கேட்பதற்கு முன்பே பதில் சொல்லியது.

அந்த மகிழ்ச்சி தேநீர் ஆறும்வரைகூட நிற்கவில்லை. தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு முனிரத்தினம், "வாக்குக் குடுத்துட்டனேக்கா" என்றார். பாவா, அதாவது அந்தச் சகலை, பெரிய மனுஷர், யாரும் வாங்காத வண்டியை வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னவர். வண்டி நன்றாகிவிட்டது, அதனால் தரமாட்டேன் என்று அவரிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? நான் என்னென்னவோ யோசனை சொன்னேன், எதற்கும் அவர் தலையாட்டவில்லை. சுகுணா தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். என் விடுதி அறையில் அன்றைக்கு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. பேட்டரியைச் சரிசெய்து அவருக்கு வேதனையைக் கூட்டிவிட்டேனோ என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை, ராகு காலம் பிறப்பதற்கு முன்பே பாவா பேருந்தில் வந்து இறங்கிவிட்டார். இந்தப் பக்கத்தில் தமிழ் பேசுகிறவர்களும் அக்காள் கணவரைப் பாவா என்றுதான் கூப்பிடுகிறார்கள். சுகுணாவின் அக்காள் கணவர் அவர். கனத்த மீசை, கட்டம் போட்ட லுங்கிகள் ஒரு கட்டு, காருக்குச் சாத்த ஒரு மாலை. அவருக்கு ஓட்டத் தெரியாது. முனிரத்தினமே அவரைக் காரில் பொதட்டூர்பேட்டைக்குக் கொண்டுபோய் விட்டு, காரை அங்கே வைத்துவிட்டுப் பேருந்தில் திரும்புவதாகப் பேச்சு.

இட்லியும் வேர்க்கடலைச் சட்னியும் முடிந்தது. பாவா வாசலுக்கு வந்து வண்டியைக் கிளப்பிக் காட்டச் சொன்னார். ராத்திரி முழுக்க நின்ற வண்டி. ஒரே திருப்பு, அடுப்பில் பால் பொங்கியது போல எழுந்தது. பாவாவின் மீசை விரிந்தது. "நல்லாத்தான கீது. ஏன் நைனா படுத்துக்குதுன்னு பொலம்பின?" என்றார். முனிரத்தினம் நடந்ததைச் சொன்னார், ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லிவிட்டு, வாக்கு வாக்குதான் என்று சாவியை நீட்டினார். பாவாவும் கையை நீட்டினார்.

நடுவில் சுகுணா வந்து நின்றாள்.

"பாவா, அவரு வாக்குக் குடுத்தது ஓடாத வண்டிக்கு. இது ஓடற வண்டி. அது வேற, இது வேற."

"சுகுணா!" என்றார் முனிரத்தினம்.

"நீ சும்மா இரு. ஓடாத வண்டி வோணும்னா சொல்லுங்க பாவா, ஒரு கிண்ணம் சந்தனம் கொழைக்க எனக்கு எவ்ளோ நேரம் ஆவும்? நாளைக்கே ரெடி பண்ணித் தர்றேன்."

பாவா அவளையே பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார். பிறகு சாவியை நீட்டியபடியே நின்ற முனிரத்தினத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மாலையைக் கொண்டுபோய்க் காரின் முகப்பில் சாத்தினார். நம்மால் ஆனதைச் செய்தோம், இனி அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவரோ சாவியை வாங்காமலே பின் கதவைத் திறந்து, லுங்கிக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, தூரத்துப் பயணி போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது வாடகை வண்டிதான? பொதட்டூர்பேட்டைக்கு எவ்ளோ சொல்லு. சொந்தக்காரன்னு கொறைக்காத."

முனிரத்தினம் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். சுகுணா தெரு கேட்கும்படி, ராத்திரிக்கு இன்னா கொழம்பு வெக்கட்டும் என்று கேட்டாள்.